காட்டு நிழலில் தடுமாறும் ஊசியிலைக் கன்றுகள்: அறிகுறி பார்த்து ஒளிக் கோளாறைச் சரிசெய்யும் முறை

கன்று வளராமல் நிற்கிறது அல்லது மஞ்சளாகிறது என்றதும் மேலே நிற்கும் பெரிய மரத்தை வெட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஸ்ப்ரூஸ், ஃபிர், ஸ்காட்ஸ் பைன், வெள்ளைப் பைன் போன்றவை இந்த வசந்தத்தில் விடும் கொழுந்தின் அளவு, போன கோடையின் பிற்பகுதியில் கட்டிய மொட்டுக்குள்ளேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. எத்தனை ஊசிகள் வர வேண்டும் என்பது அப்போதே மொட்டில் ஏறிவிடும். ஆகவே இன்று அளக்கும் கொழுந்து, போன ஆண்டு கிடைத்த வெளிச்சத்தைச் சொல்கிறது. இந்த ஆண்டு நீங்கள் செய்யும் திருத்தத்துக்கு உயரத்தில் பதில் அடுத்த ஆண்டுதான் வரத் தொடங்கும். நிழலில் நெடுநாள் கிடந்த கன்றாக இருந்தால் இன்னும் தள்ளிப் போகும். துயா, ஹெம்லாக் வகைகளில் இந்தக் கட்டு தளர்ந்தது. பருவம் நன்றாக இருந்தால் அவை அதே ஆண்டிலும் நீண்டுகொண்டே போகும். எந்த இனம் என்று தெரியாமல் எந்த அறிகுறிக்கும் பொருள் சொல்ல முடியாது.

முதலில் அளக்க வேண்டியவை

5 மீட்டர் நாடா, ஒரு வெர்னியர் காலிப்பர், ஒளிமானி, குறிப்பேடு, இவை போதும். ஒரு கன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், அதே நிழலில் நிற்கும் 10 கன்றுகளையாவது அளந்து எழுதுங்கள்.

தலைக்கொழுந்தின், அதாவது தண்டின் உச்சியில் நேராக மேலே போகும் கொழுந்தின், இந்த ஆண்டு நீளத்தை அளங்கள். அதற்குக் கீழே முதல் கிளைச்சுற்றில் (ஒரே மட்டத்தில் தண்டைச் சுற்றிக் கிளம்பும் கிளைகள்) உள்ள பக்கக் கொழுந்துகளின் இந்த ஆண்டு நீளத்தையும் அளந்து சராசரி எடுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வரும் எண்தான் இந்த வேலையில் மிகவும் பயன்படுவது. பிறகு தண்டில் கிளைச்சுற்றுகளை மேலிருந்து கீழாக எண்ணி, கடந்த 5 ஆண்டுகளின் வளர்ச்சியைத் தனித்தனியே குறியுங்கள். சில பைன்கள் ஒரே ஆண்டில் இரண்டு சுற்று விடும். மொட்டுச் செதில் உதிர்ந்த வடு இருக்கும் இடத்தை மட்டுமே ஆண்டு எல்லையாகக் கொள்ளுங்கள். கடைசியாக, மொத்த உயரத்தில் பச்சைக் கிளைகள் உள்ள பகுதி எத்தனை பங்கு என்று பாருங்கள்.

ஒளியை அளக்கும்போதுதான் அதிகமானோர் ஏமாறுகிறார்கள். மூடிய விதானத்தின் (பெரிய மரங்களின் கிளைகள் சேர்ந்த மேற்கூரை) அடியில் அன்றாட ஒளியின் பெரும்பங்கு, நகர்ந்துகொண்டே இருக்கும் வெயில் பொட்டுகளாகத்தான் வந்து சேர்கிறது. உச்சிவெயிலில் ஒரு பொட்டில் மானியை வைத்தால் காடு பளிச்சென்று இருப்பதாகச் சொல்லும். ஒரு முழம் தள்ளி வைத்தால் இருட்டு என்று சொல்லும். வானம் முழுவதும் சீராக மேகம் மூடிய நாளில், நடுப்பகலை ஒட்டி, கன்றின் உச்சி உயரத்தில் அளங்கள். உடனே திறந்த வெளிக்குப் போய் அங்கும் அளந்து, இரண்டின் விகிதத்தைச் சதவீதமாக எழுதுங்கள். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளத்தை அளக்கும் கருவி இருந்தால் நல்லது. லக்ஸ் மானியோ கைப்பேசிச் செயலியோ மட்டும் இருந்தாலும் விகிதம் பார்க்க ஓரளவு உதவும். ஆனால் இலை வழியே வடிந்த ஒளியில் பச்சை மிகுந்திருப்பதால், லக்ஸ் கணக்கு உண்மையைவிடக் கொஞ்சம் கூடவே காட்டும்.

நடைமுறைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். லார்ச்சும் ஸ்காட்ஸ் பைனும் முழு ஒளியில் பாதியாவது கேட்பவை. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் வேகமாகத் தளரும். டக்ளஸ் ஃபிர், நார்வே ஸ்ப்ரூஸ் இரண்டும் 20 சதவீதத்தை ஒட்டித் தாக்குப்பிடிக்கும், 40-ஐத் தாண்டினால் நன்றாக ஏறும். சில்வர் ஃபிர், வெஸ்டர்ன் ஹெம்லாக் போன்றவை 5 முதல் 10 சதவீத ஒளியில்கூடப் பல பத்தாண்டுகள் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் நிற்பது வேறு, வளர்வது வேறு. அவையும் உயரம் போக வேண்டுமானால் 15 முதல் 25 சதவீதமாவது வேண்டும். மண்ணும் ஈரமும் மாறினால் இந்த எல்லைகளும் கொஞ்சம் நகரும்.

அறிகுறி: தலை தட்டையாகிக் குடைபோல் விரிகிறது, பக்கக் கிளைகள் தலைக்கொழுந்தை முந்துகின்றன

இது ஒளிப் பஞ்சத்தின் தெளிவான முகம். ஃபிர், ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் கன்றுகளில் இதைப் பார்ப்பீர்கள். வருகிற கொஞ்ச ஒளியைப் பிடிக்க மரம் உயரத்தை விட்டுவிட்டு அகலத்தில் செலவிடுகிறது. ஊசிகளும் மாறும்: மெல்லியதாக, அகன்று, கிளையின் இரு பக்கமும் ஒரே தளத்தில் சீப்புப் பல்போல் படிந்திருக்கும். வெயிலில் வளர்ந்த கிளையில் அவை தடித்து, மேல்நோக்கிக் குத்திட்டு, பல அடுக்காக நிற்கும். ஒரே மரத்தின் மேற்கிளையையும் கீழ்க்கிளையையும் ஒப்பிட்டாலே வேறுபாடு கைக்குத் தெரியும்.

தலைக்கொழுந்தைப் பக்கக் கொழுந்தால் வகுத்த விகிதம் 1-க்கு மேல் இருந்தால் கன்று ஏறிக்கொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். 1-ஐ ஒட்டி இருந்தால் எல்லையில் நிற்கிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஒளி கூட்ட வேண்டும். 1-க்குக் கீழே போய், 5 ஆண்டுக் கணக்கிலும் கொழுந்து ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தால் கன்று அடங்கிக் கிடக்கிறது. அப்போது பச்சைப் பகுதியைப் பாருங்கள். உயரத்தில் பாதிக்கு மேல் பச்சை இருந்தால் காப்பாற்றத் தகுந்த கன்று. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, தண்டில் காயமும் இருக்கிறது என்றால் அதற்காக விதானத்தைத் திறப்பது வீண். பக்கத்தில் தேறக்கூடிய கன்றைத் தேடுங்கள்.

பைன்களில் குடை வடிவத்தைத் தேடாதீர்கள். நிழலில் பைன் ஒவ்வொரு சுற்றிலும் விடும் கிளைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, நுனியில் மட்டும் ஒரு குஞ்சமாக ஊசிகளை வைத்துக்கொண்டு, கீழ்க்கிளைகளைக் காயவிடும். நான்கைந்து கிளை விட்ட சுற்று ஒன்றிரண்டாகக் குறைந்தால் அதுவே எச்சரிக்கை. ஃபிர் பொறுக்கும் அளவுக்குப் பைன் பொறுக்காது. உடனே செயல்பட வேண்டியது இங்குதான்.

திருத்தம்: நிழல் தாங்கும் இனங்களுக்கு விதானத்தை 2 அல்லது 3 தவணையாக, தவணைக்கு 3 முதல் 5 ஆண்டு இடைவெளி விட்டுத் திறங்கள். ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் மேகநாள் அளவீட்டைத் திரும்ப எடுங்கள். மேல்மரங்களின் கிளைகள் நீண்டு இடைவெளியை மூடிவிடும் என்பதால், திறந்த அளவு அப்படியே நிற்காது. பைனுக்கும் லார்ச்சுக்கும் தவணை முறை பெரும்பாலும் உதவாது. சுற்றியுள்ள மரங்களின் உயரத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு விட்டமுள்ள திறப்பாவது அவற்றுக்கு வேண்டும்.

அறிகுறி: விதானத்தைத் திறந்த சில வாரங்களில் ஊசிகள் வெளிறி மஞ்சளாகின்றன

மேலே சொன்ன தவணை முறையைத் தவிர்த்தால் வருவது இதுதான். நிழல் ஊசிக்கு மிகுந்த ஒளியைச் செரித்து வெப்பமாக வெளியேற்றும் ஏற்பாடு குறைவு. திடீரென வெயில் விழும்போது பிடித்த ஆற்றலைச் செலவழிக்க வழியில்லாமல் ஒளிச்சேர்க்கை உறுப்புகளே சேதமாகின்றன, பச்சையம் வெளுக்கிறது. அதோடு நிழல் ஊசியின் மேல்தோல் மெல்லியது. வெட்டியபின் காற்றும் வெப்பமும் கூடுவதால் நீரிழப்பும் சேர்ந்துகொள்ளும். நிழலில் வேரைச் சிக்கனமாக வளர்த்த கன்று அந்த நீரை ஈடுகட்ட முடியாமல் தவிக்கும்.

உறுதிசெய்ய ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள். வெயில் படும் மேற்புறம் வெளிறி, அடிப்புறமும் வேறு கிளை மறைத்த பகுதிகளும் பச்சையாகவே இருந்தால் ஒளி அதிர்ச்சி. கன்று முழுவதும், மறைவிடம் உட்பட, சீராக மஞ்சளாக இருந்தால் நைட்ரஜன் குறைவைச் சந்தேகியுங்கள். மக்னீசியக் குறைவு மட்டும் இந்தச் சோதனையில் குழப்பும்: அதிலும் வெயில் படும் மேற்புறம்தான் முதலில் மஞ்சளாகும். ஆனால் அது பழைய ஊசிகளின் நுனியில் தொடங்கும், இந்த ஆண்டு ஊசிகள் பச்சையாகவே நிற்கும். அதோடு, விதானம் திறந்த நாளுக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது.

ஒளி அதிர்ச்சி என்று தெரிந்தால் செய்ய வேண்டியது குறைவு, செய்யக் கூடாதது அதிகம். மொட்டை விரல் நகத்தால் கீறிப் பாருங்கள்; உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் கன்று பிழைக்கும். மஞ்சள் கிளைகளை வெட்டாதீர்கள். உரம் போடாதீர்கள், நீர் எடுக்கத் திணறும் வேருக்கு அது மேலும் சுமை. வெட்டிய கிளைக்குப்பையில் சிலவற்றைக் கன்றின் வெயில் பக்கத்தில் தளர்வாகச் சாய்த்து வைத்தால் முதல் கோடையைத் தாண்ட உதவும். பழைய ஊசிகள் உதிர்வதைத் தடுக்க முடியாது. புதிய ஒளியில் விரியும் ஊசிகள் வந்து அவற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டும். வெட்டிய பிறகு வரும் முதல் ஆண்டு ஊசிகள் நிழலில் கட்டிய மொட்டிலிருந்து வருவதால் பாதி நிழல் குணத்தோடுதான் இருக்கும். அடுத்த ஆண்டு வருபவைதான் முழுமையான வெயில் ஊசிகள்.

இந்தத் தொல்லையைக் குறைக்க வெட்டும் காலத்தை மாற்றுவது மிக எளிய வழி. கோடை நடுவில் திறக்கவே வேண்டாம். இலையுதிர் காலத்திலிருந்து மொட்டு விரியும் முன்வரை உள்ள இடைவெளியில் திறந்தால், குறைந்த வெயிலில் கன்று பழகத் தொடங்கும்.

அறிகுறி: திறந்து இரண்டு ஆண்டாகியும் உயரம் அசையவில்லை

பதற வேண்டாம். நிழலிலிருந்து விடுபட்ட கன்று முதலில் வேரையும் ஊசிப் பரப்பையும் பெருக்கும், பிறகு தண்டைத் தடிக்க வைக்கும், கடைசியாகத்தான் உயரம் போகும். இந்த வரிசையில் மரத்துக்கு நியாயம் இருக்கிறது. மெல்லிய தண்டில் காற்றும் பனியும் நேரடியாக மோதும்போது முதலில் வேண்டியது ஊன்றி நிற்கும் வலிமை. காலிப்பரால் வேர்க்கழுத்தின் (தண்டு மண்ணைத் தொடும் இடம்) விட்டத்தை அளந்து குறித்து வைத்திருந்தால், உயரம் நிற்கும் ஆண்டிலும் விட்டம் கூடுவது தெரியும். விட்டம் கூடினால் காத்திருங்கள். மூன்றாம் ஆண்டிலும் விட்டமும் நகரவில்லை, மொட்டுகளும் சிறியவை என்றால் கோளாறு ஒளியில் இல்லை. அதைக் கீழே பாருங்கள்.

அறிகுறி: ஒளி போதும் என்று மானி சொல்கிறது, கன்று சொல்லவில்லை

நிழலில் வாடுவதெல்லாம் நிழலால் வாடுவதில்லை. 1904-இல் ஜெர்மானிய வனவியலாளர் ஃப்ரிக்கே ஒரு சோதனை செய்தார். முதிர்ந்த பைன்களின் அடியில் நலிந்து கிடந்த பைன் கன்றுகளைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, பெரிய மரங்களின் வேர்களை மட்டும் அறுத்தார். விதானத்தைத் தொடவே இல்லை. கன்றுகள் தேறின. நிழல் என்று பழி சுமந்தது உண்மையில் வேர்ப் போட்டி, முக்கியமாக நீருக்கான போட்டி. வறண்ட, மணற்பாங்கான மண்ணில் இதை எப்போதும் நினைவில் வையுங்கள்.

அதே சோதனையை நீங்களும் செய்யலாம். 1 மீட்டருக்கு 1 மீட்டர் சதுரத்தில் சில கன்றுகளைச் சுற்றிக் கூரிய மண்வெட்டியால் 30 முதல் 40 செ.மீ. ஆழத்துக்கு வேர்களை அறுத்து விடுங்கள். பக்கத்தில் அதே அளவு சதுரம் ஒன்றைத் தொடாமல் விடுங்கள். இரண்டு பருவம் கழித்து இரண்டிலும் கொழுந்தை அளங்கள். அறுத்த சதுரம் முந்தினால் மேல்மரங்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். கிளைகளை மட்டும் கழித்துப் பயனில்லை, ஏனென்றால் வேர்கள் அப்படியே நிற்கும்.

புல்லும் இதே தந்திரத்தைச் செய்யும். கன்றின் உச்சிக்கு மேலே ஒளி போதுமானதாக இருக்கும். ஆனால் புல்லுக்குள் புதைந்த கீழ் ஊசிகளுக்கு எட்டாது, ஈரத்தைப் புல் முழுவதும் எடுத்துவிடும். புல்லை அறுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய தவறு. அறுத்த புல் புதுத் துளிர் விட்டு முன்போலவே நீரை இழுக்கும். கன்றைச் சுற்றி 1 மீட்டர் விட்டத்துக்கு வேரோடு நீக்குங்கள் அல்லது ஒளி புகாத விரிப்பால் மூடுங்கள். பெரணிப் புதர் இருந்தால் கோடை நிழலைவிட இலையுதிர் காலத்தில் அது மொத்தமாகச் சாய்ந்து கன்றை அமுக்குவதுதான் ஆபத்து. அது சாயும் முன் கன்றைச் சுற்றி மிதித்துப் படுக்க வையுங்கள்.

அறிகுறி: நெடுநெடுவென ஓங்கி, தண்டு மெலிந்து, காற்றில் வளைகிறது

நெருக்கமாக முளைத்த கூட்டத்தில், ஒளி விரும்பும் இனங்களில் இது வரும். இலைகள் சிவப்பொளியை விழுங்கிவிட்டுத் தொலைசிவப்பை, அதாவது சிவப்பைத் தாண்டிய, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒளியை, திருப்பி அனுப்புகின்றன. திறந்த வெயிலில் இவ்விரண்டின் விகிதம் 1-ஐ ஒட்டியே இருக்கும். செடிக் கூட்டத்துக்குள் அது வெகுவாக இறங்கிவிடும். அதை உணர்ந்த கன்று அண்டையாரை முந்த உயரத்தில் எல்லாவற்றையும் போடுகிறது. உயரத்தையும் தண்டு விட்டத்தையும் ஒரே அலகில் எழுதி வகுங்கள். 80-ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 100-ஐ எட்டினால் கனத்த பனியில் சாயும். நெருக்கத்தைக் குறைக்க ஒரேயடியாகக் கன்றுகளை எடுத்துக் கலைத்தால் ஒன்றையொன்று தாங்கி நின்ற கன்றுகள் எல்லாம் விழும். முதல் கலைப்பில் தேர்ந்த கன்றுக்கு நெருங்கிய ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, 2 அல்லது 3 ஆண்டு கழித்து மறுபடி எடுங்கள்.

அறிகுறி: திறப்பின் ஒரு பக்கத்தில் கன்றுகள் சாய்ந்து வளர்கின்றன

வட அரைக்கோளத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் திறப்பின் வடக்கு ஓரத்துக்கு நேர்வெயில் கிடைக்கும், தெற்கு ஓரம் நிழலில் கிடக்கும். தென் அரைக்கோளத்தில் இது தலைகீழ். நிழல் ஓரத்தில் நட்ட பைன் திறப்பின் நடுவை நோக்கிச் சாயும். நிமிர்ந்து நிற்க முயலும்போது சாய்வின் அடிப்புறத்தில் அடர்ந்த, உடையக்கூடிய அழுத்தக்கட்டை உருவாகும். பின்னால் மரத்தை அறுக்கும்போது பலகை முறுக்கும். முட்டுக்கொடுப்பது வேலைக்காகாது. நிழல் பக்கத்து விதானத்தைத் திறக்க முடிந்தால் திறங்கள். முடியாவிட்டால் அந்த ஓரத்தை ஃபிர், ஹெம்லாக் போன்றவற்றுக்கு விட்டுவிட்டு, பைனை வெயில் ஓரத்துக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: முதல் கோடையிலேயே முளைக்கன்றுகள் மண்மட்டத்தில் ஒடிந்து விழுகின்றன

இங்கே தொல்லை வெயில் மிகுதி. கருநிற மட்கு மூடிய மண், காற்றில்லாத பகலில் 60 பாகை செல்சியஸையும் தாண்டிச் சூடேறும். பட்டை கட்டாத இளந்தண்டு அதைத் தாங்காது. தண்டின் அடியில், வெயில் பக்கமாக, வெளிறிய உலர்ந்த சுருக்கம் இருந்தால் வெப்பச் சேதம். அதற்குப் பதிலாக நீர் கோத்ததுபோல் மென்மையாக அழுகி, ஈர நிழலில் திட்டுத் திட்டாகப் பரவினால் பூஞ்சை. இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர் என்பதால் இதில் தவறக் கூடாது.

வெப்பச் சேதத்துக்கு, உச்சிப்பொழுது முதல் பிற்பகல் வரை தண்டின் அடிப்பாகத்தை மறைத்தாலே போதும். சுமார் 20-க்கு 30 செ.மீ. அளவுள்ள நிழல் அட்டையை, வடக்கு அரைக்கோளமானால் தென்மேற்கிலும் தெற்கானால் வடமேற்கிலும், தண்டிலிருந்து ஒரு கையகலத்துக்குள், அடி மண்ணைத் தொடும்படி ஊன்றுங்கள். விழுந்த கட்டையோ அடிமரத் துண்டோ அதே வேலையைச் செய்யும். அட்டையை உயர்த்தி வைத்து உச்சியை மறைப்பது பயனற்றது. சூடு தாக்கும் இடம் கழுத்து. தண்டு கட்டையாகிவிட்டால் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: குளிர்காலத்தில் அல்லது அதன் முடிவில் நிறம் மாறுகிறது

துயா வெண்கல நிறம் பூசுவது இயல்பு. குளிரில் அது ரோடோசாந்தின் என்ற சிவப்பு நிறமியைச் சேர்க்கிறது, வசந்தத்தில் பச்சை திரும்பும். இளம் பைன்கள் குளிரும் வெயிலும் சேர்ந்து தாக்கும் இடத்தில் மங்கிய மஞ்சளாகும். நிழல் பட்ட பகுதி பச்சையாக இருந்தால் வெப்பம் ஏறியதும் சரியாகும், தொட வேண்டாம். ஆனால் பனிக்கு மேலே நீண்ட பகுதி மட்டும் செம்பழுப்பாகி, பனிக்குள் இருந்த பகுதி பச்சையாக இருந்தால் அது உறைவறட்சி. மண் உறைந்து வேர் நீர் எடுக்க முடியாத நாளில் வெயில் ஊசியை உலர்த்தியிருக்கிறது. மொட்டுகள் பெரும்பாலும் பிழைத்திருக்கும். புதுக்கொழுந்து வரும்வரை கத்தரியை எடுக்காதீர்கள்.

அறிகுறி: பருவம் முடிந்த பின்னும் கொழுந்து நீண்டு, முதல் உறைபனியில் கருகுகிறது

ஊசியிலை மரங்கள் ஒளியின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, இரவின் நீளத்தையும் கணக்கிடுகின்றன. இரவு ஓர் எல்லையைத் தாண்டி நீண்டால் மொட்டைக் கட்டி நிறுத்திக்கொள்ளும். நார்வே ஸ்ப்ரூஸில் வடகோடி மரங்களுக்குச் சில மணி நேர இருளே போதும்; தெற்கத்திய மரங்கள் அதைவிட மிக நீண்ட இரவை எதிர்பார்க்கும். தெற்கு விதையை வடக்கே கொண்டுபோய் நட்டால், அவை காத்திருக்கும் இரவு வருவதற்குள் உறைபனி வந்துவிடும். இதற்கு விதை மூலத்தை மாற்றுவது தவிர வழியில்லை. ஒரு சில கன்றுகளில் மட்டும், அதுவும் விளக்குக் கம்பத்தை ஒட்டி நிற்பவற்றில் மட்டும் என்றால், இரவு விளக்கு இருளை உடைக்கிறது. அதன் ஒளியைத் தடுத்தால் அடுத்த ஆண்டே சரியாகும். நாற்றங்காலில் கறுப்புத் துணி மூடிப் பகலைச் சுருக்கி மொட்டுக் கட்ட வைப்பவர்கள், அதைக் கோடையில் மிக முன்கூட்டியே செய்யக் கூடாது. கட்டிய மொட்டு அதே ஆண்டில் மறுபடி வெடித்து, வந்த நோக்கமே கெட்டுவிடும்.

அறிகுறி: முழு வெயிலில் செழித்த வெள்ளைப் பைனின் தலைக்கொழுந்து கொக்கிபோல் வளைந்து காய்கிறது

ஒளி மிகுதி மறைமுகமாகச் செய்யும் சேதம் இது. கிழக்கு வெள்ளைப் பைனைத் தாக்கும் கூன்வண்டு, வெயிலில் தடித்து வளர்ந்த தலைக்கொழுந்தைத் தேடி முட்டையிடும். புழுக்கள் பட்டைக்கடியில் கீழ்நோக்கித் தின்றுகொண்டே போகும். கோடையின் தொடக்கத்தில், வண்டுகள் வெளியேறும் முன், காய்ந்த கொழுந்தைப் புழு இருக்கும் இடத்துக்குக் கீழே வரை வெட்டி எரித்துவிடுங்கள். மேல்சுற்றில் வலுவான ஒரு கிளையை மட்டும் புதிய தலையாக விட்டு, மற்றவற்றைக் குட்டையாக்குங்கள். இந்தப் பைன் முழு ஒளியில் ஏறக்குறைய 45 சதவீதம் கிடைத்தாலே உயரத்தில் முழு வேகம் எடுக்கும். ஆகவே கன்று 5 மீட்டரைத் தாண்டும்வரை மேலே பாதி விதானத்தை வைத்திருங்கள். கொழுந்து மெலிந்து இருப்பதால் வண்டுக்கு அது பிடிக்காது, உயரமும் குறையாது.